ஏழாவது வெடி

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழையைத் தன்னுள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் சுண்ணக்கற் பாறையே அக்குடாநாட்டுக்கு ஆறும் ஏரியும் ஆகும். வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் வாழையும் செழித்து நிற்பதைக் கண்டு மகிழ்வோர், அம்மண் பல இடங்களில் இரண்டு மூன்று முழத்துக்கு மேல் ஆழமில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே கல். கல்லைப் பிளந்தாலன்றித் தண்ணீர் இல்லை. அலவாங்கும் பிக்காசும் சம்மட்டியும் ஓர் எல்லை வரைதான் செல்லும். அதற்கப்பால் வெடி வைக்கவேண்டும். துலா மிதித்தவர்களைப் பற்றியும் பட்டை பிடித்து இறைத்தவர்களைப் பற்றியும் நம்மவர் நிறையப் பேசியிருக்கின்றனர். வெடி வைத்தவரைப் பற்றி எவரும் பேசக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் அம்மான் அத்தொழிலைச் செய்தவர். 1960களில், பள்ளிக்கூட விடுமுறை நாட்களில், அவருக்கு எடுபிடியாகப் பல கிணற்றடிகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே அவர் எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று. வெடிக்கும் சத்தங்களை எண்ணிச் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

வெடிகாரர் என்றதும் அஞ்சா நெஞ்சன் ஒருவனையே பலரும் மனத்திற் காண்பர். உண்மையில் அத்தொழிலில் சத்தம் ஒரு கணம். மற்ற நேரமெல்லாம் அளப்பதும் துளைப்பதும் காத்திருப்பதுமே. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, இந்தியாவின் நொய்டா நகரில், சட்டத்துக்கு மாறாக எழுந்த இரட்டைக் கோபுரங்களை ஏறக்குறைய 3,700 கிலோ வெடிபொருள் கொண்டு வீழ்த்தினார்கள். ஒரு நூறு மீற்றர் உயரம் பத்து வினாடியளவில் மண்மேடாயிற்று. அப்பத்து வினாடிக்கு ஆயத்தம் செய்ய மாதங்கள் பிடித்தன. அங்கே வெடிமருந்து கட்டடத்தைத் தூளாக்கவில்லை. தூண்களை ஒரு குறித்த ஒழுங்கில் முறித்துவிட்டது. எஞ்சிய வேலையைக் கட்டடத்தின் பாரமே செய்து முடித்தது. கிணற்றிலும் ஒழுங்குதான் முக்கியம். அம்மான் நடுவிலே மூன்று துளைகளும் சுற்றிலே நான்கும் இடுவார். நடுத்துளைகளுக்குத் திரி குட்டையாகவும் சுற்றுத்துளைகளுக்கு நீளமாகவும் இருக்கும். நடு முந்தி வெடித்து இடம் விட்டாற்றான் சுற்றுக்கல் அவ்விடத்தை நோக்கிப் பெயரும். இல்லாவிடில் மருந்தும் வீண், கூலியும் வீண்.

அந்தத் திரிக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் இங்கிலாந்தின் கோண்வால் தகரச் சுரங்கங்களிலே, நாணற்றண்டிலும் இறகுத்தண்டிலும் கருமருந்தை அடைத்துத் திரியாக வைத்தார்கள். அது ஒருநாள் ஊர்ந்து எரியும். மறுநாள் பாய்ந்து எரியும். எத்தனையோ தொழிலாளர் கண்ணையும் கையையும் உயிரையும் இழந்தனர். 1831இல் அவ்வூர்த் தோல் வியாபாரியான வில்லியம் பிக்போர்ட் என்பவர், மருந்தை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கயிறு திரிப்பதுபோல் நூலை முறுக்கி, ஒரே சீராக எரியும் திரியொன்றைச் செய்தார். ஓர் அடி எரிய ஏறக்குறைய அரை நிமிடம். சுரங்கத்துக்குள் ஒருநாளும் வேலை செய்யாத ஒருவர் சுரங்கத் தொழிலாளருக்கு அளித்த கொடை அது. அம்மானுக்குப் பிக்போர்ட்டின் பெயர் தெரியாது. ஆனாற் புதிய சுருள் வாங்கும்போதெல்லாம் அதில் ஓர் அடி வெட்டி, எரித்து, சட்டைப்பையிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரரின் வாக்கை அவர் நம்பியதில்லை.

மருந்தைத் துளைக்குள் இறக்க அவர் வைத்திருந்தது ஒரு பூவரசந்தடி. இரும்புக் கம்பியை அருகிலும் அண்டவிடமாட்டார். இரும்பு கல்லில் உரசினாற் பொறி பறக்கும். 1848 செப்டெம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், இருப்புப்பாதைக்காகப் பாறை தகர்த்துக்கொண்டிருந்த பீனியஸ் கேஜ் என்பவருக்கு நேர்ந்தது அதுவே. மூன்றடி ஏழங்குல நீளமான இரும்புக்கம்பி கன்னத்தினூடாக ஏறி உச்சந்தலையால் வெளியேறிற்று. அவர் பிழைத்து 1860 வரை வாழ்ந்தார். மூளையைப் பற்றி எழுதும் பாடநூல்கள் அவரை விடாமல் எடுத்துக்காட்டுகின்றன. அவர் ஒரு வெடிகாரர் என்பதை மட்டும் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

டைனமைற்றின் கதையை மாணவர்கள் அறிவார்கள். 1847இல் சொப்ரேரோ என்னும் இத்தாலிய அறிஞர் நைற்றோகிளிசரீனைக் கண்டார். அல்பிரட் நோபல் அதை ஆக்கத் தொடங்கியபோது, 1864இல் ஸ்டொக்ஹோமிலே நிகழ்ந்த விபத்தில் அவருடைய தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். பின்னர் அத்திரவத்தை ஒருவகை நுண்மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867இல் டைனமைற் என்று உரிமை பெற்றார். பாடநூல் சொல்லாதது ஒன்றுண்டு. அந்த மருந்தைக் கையாற் தொட்டாலே தலையிடி வரும். தோலினூடாக உடலிற் கலந்து இரத்தக் குழாய்களை விரியச் செய்வதே காரணம். நாலைந்து நாள் தொடர்ந்து தொட்டாற் பழகிப்போகும்; ஒரு நாள் ஓய்ந்துவிட்டு மீண்டும் தொட்டால் முன்னையிலும் மோசம். ஐரோப்பிய ஆலைத் தொழிலாளர் சிலர், பழக்கம் விட்டுப்போகாதிருக்கச் சிறிது மருந்தைத் தொப்பிப் பட்டையில் வைத்துக்கொண்டு விடுமுறையைக் கழித்தனராம். அம்மான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை. ஆகவே திங்கட்கிழமை மாலையிலே மாமி கேளாமலே வேர்க்கொம்புக் கோப்பி போட்டு வைத்திருப்பார். எங்கள் வீட்டில் ‘திங்கட்கிழமைத் தலையிடி’ என்பது ஒரு நோயின் பெயர்.

இனி எண்ணும் வேலைக்கு வருகிறேன். ஓர் ஆவணி மாதம். கிணற்றில் ஏழு துளை. திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு அம்மான் ஏணியால் ஏறிவந்து, எல்லோரும் பனைமரங்களுக்குப் பின்னே நின்றோம். நான் விரல் மடக்கினேன். பிறகு அமைதி.

“தம்பி, எத்தனை?”

“ஆறு, அம்மான்.”

“இல்லை, ஏழுதான்,” என்றார் கூலியாள் ஒருவர். “கடைசியிலை ரண்டு ஒண்டாய் வெடிச்சது. எனக்கு நல்லாய்க் கேட்டது.”

அப்படி நடப்பதுமுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. பத்து வயதுப் பையனின் காதா, அநுபவசாலியின் காதா? அம்மான் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. “பிள்ளை ஆறெண்டால் ஆறுதான். ஒருதரும் இறங்கப்படாது,” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ஈரம் பட்ட திரி அணைந்ததுபோற் கிடந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எந்நேரம் மருந்தைச் சேரும் என்று எவராலும் சொல்லமுடியாது. அவருக்குத் தொழில் பழக்கியவர் அப்படிப்பட்ட ஒரு துளையைப் பார்க்க இறங்கியவர், மீளவில்லை.

கிணற்றுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஆறு பேருக்கு அரைநாட் கூலி வீணாகின்றது. “இவ்வளவு பயமெண்டால் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தனீர்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அம்மான் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். “நாளைக்குக் காலமை பாப்பம்,” என்றார். அன்று வேலை அத்துடன் நின்றது.

மறுநாள் அவர் தனியே இறங்கினார். கல்லைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். மேற்கு மூலையில், களிமண் அடைப்புக் குலையாமல் ஏழாவது துளை அப்படியே இருந்தது. வெடியாத துளையைக் கிளறி எடுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்; விலகி நின்று, அதற்கு இணையாக வேறொரு துளையிட்டு, அதன் வெடியால் இதையும் தீர்க்கவேண்டும். மத்தியானத்துக்கு முன் அது தீர்ந்தது. கிணற்றுக்காரர் கணக்கு முடித்தபோது அந்த அரைநாட் கூலியைக் கழித்துக்கொண்டே கொடுத்தார். மாமி இதைக் கேட்டு ஒரு கிழமை பொருமினார். அம்மானிடம் ஒரு பேச்சும் இல்லை. முதல்நாளே இறங்கியிருந்தால் ஒன்றும் நடவாமலும் போயிருக்கலாம். திரி அணைந்தே கிடந்திருக்கலாம். நடவாத விபத்துக்கு யார் சாட்சி சொல்வது? கிணற்றுக்காரரை நான் இன்றும் முற்றாகக் குறைகூறத் துணியேன். அவருக்கும் பயிர் வாடிக்கொண்டிருந்தது.

1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி அம்மானிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. வாங்கிய தோட்டா எத்தனை, வைத்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். தோட்டாவும் அதைத் தூண்டும் குப்பியும் ஒரு பெட்டியில் இருக்கமாட்டா. ஓர் அறையிலும் இருக்கமாட்டா. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் கற்சுரங்கத்திலிருந்து வெடிச்சத்தம் வரும்போது, கேட்டவர்கள் நேரத்தை அறிந்துகொண்டு தத்தம் அலுவலைப் பார்த்தார்கள். வெடி என்பது வேலையின் சத்தமாயிருந்த காலம் அது. 1980களில் அச்சொல்லின் பொருள் மாறிப்போயிற்று. வெடிமருந்து வைத்திருப்பவர் யார் என்று ஊரே ஐயுறும் நிலை வருமுன்னரே, அம்மான் மிஞ்சியிருந்த தோட்டாக்களையும் கொப்பியையும் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டுத் தொழிலை விட்டார். சீமெந்து ஆலையும் 1990இல் மூடப்பட்டது.

போர் முடிந்தபின் ஏ-9 வீதியாற் செல்லும்போதெல்லாம், முகமாலையில் நம் பெண்பிள்ளைகள் கவசம் அணிந்து முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாக விலக்கிக் கண்ணிவெடி தேடிய காட்சியைப் பார்த்திருக்கிறேன். பலர் தம் குடும்பத்துக்கு உழைக்கும் ஒரே ஆளாக அங்கே வந்தவர்கள். அவர்கள் தேடியதும் வெடியாத வெடியைத்தான். பேருந்திற் பக்கத்திலிருந்தவர், “எவ்வளவு துணிச்சல்!” என்றார். எனக்கு அம்மானின் வெற்றிலைப் பை நினைவுக்கு வந்தது.

அம்மானுக்கு இறுதிக் காலத்தில் நெஞ்சுநோ. 1992, பொருளாதாரத் தடைக்காலம், மருந்து கிடைப்பதே அரிது. வைத்தியர் நாக்கின்கீழ் வைக்கச் சில சிறிய மாத்திரைகளைத் தேடிக் கொடுத்தார். அதுவும் நைற்றோகிளிசரீனே. இரத்தக் குழாயை விரிக்கும் அதே குணத்தால், 1879 முதல் மருத்துவர் அதை நெஞ்சுநோவுக்குக் கொடுத்து வருகின்றனர். நோபலுக்கே 1896இல் அதை உட்கொள்ளச் சொன்னார்களாம். பெயர் கேட்டு மருந்துக்கடைக்காரரும் சனங்களும் பயப்படாதிருக்க அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பதை அவர் நண்பருக்கு எழுதிச் சிரித்திருக்கிறார். நான் இதை அம்மானுக்குச் சொல்லவில்லை. முதல் மாத்திரையை வைத்துச் சில நிமிடம் சென்றதும், நெற்றிப்பொட்டைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உது என்ரை பழைய சரக்கெல்லோ? இண்டைக்குத் திங்கட்கிழமையே?”

அன்று வியாழக்கிழமை. மாமி கோப்பிக்கு அடுப்பு மூட்டப் போனார்.