சுடாத நேரத்துக்கான துப்பாக்கி

இங்கிலாந்தில் ‘கேம்கீப்பர்’ என்றொரு உத்தியோகம் உண்டு. நம்மூர் வனக்காவலரை மனதில் வைத்துக்கொண்டால் பாதி சரி, பாதி தப்பு. காட்டைக் காப்பவர்தான், ஆனால் அந்தக் காடு பெரும்பாலும் ஒரு தனியார் எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஃபெசன்ட் என்னும் கோழி இனப் பறவையின் குஞ்சுகளைக் கோடையில் கம்பிவலைப் பட்டியில் விட்டு, கோதுமை போட்டு வளர்த்து, நரியும் காக்கையும் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்வார். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை வேட்டைப் பருவம். காசு கட்டி வரும் விருந்தாளிகளின் தலைக்கு மேலே அந்தப் பறவைகள் உயரப் பறக்கும்படி விரட்டிவிடுவதும் இவர்தான். வளர்ப்பவரும் அவரே, பலிக்கு அனுப்புகிறவரும் அவரே.

வெளியுலகம் இந்த உத்தியோகத்தைக் கேள்விப்பட்டது பெரும்பாலும் டி. எச். லாரன்ஸ் 1928-இல் வெளியிட்ட ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலால்; அந்தக் காதலன் ஒரு கீப்பர். 1959-இல் எட் ஸெர்ன் என்ற அமெரிக்கர், ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற வேட்டைப் பத்திரிகையில் அந்த நாவலுக்கு ஒரு குறும்பு மதிப்புரை எழுதினார். ஃபெசன்ட் வளர்ப்பைப் பற்றி உருப்படியான பகுதிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் படிக்கச் சம்பந்தமில்லாத பக்கங்கள் பலவற்றைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு குறைபட்டார். கீப்பரின் துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகும் எனக்கு அவர்தான் முன்னோடி.

வடக்கே யார்க்‌ஷயரில் குடியேறியபின் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து களிமண் தட்டு சுடப் பழகினேன். பெயர்தான் களிமண். உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்தது. எந்திரம் அதை வானில் வீசும், நாம் சுட்டு உடைக்க வேண்டும். உயிருள்ள எதையும் நான் சுட்டதில்லை, சுடும் எண்ணமும் இல்லை. ஆனாலும் ஷாட்கன் உரிமம் கையில் இருப்பதாலும், துப்பாக்கிக் கடைகளில் மணிக்கணக்கில் நின்று பேசும் கெட்ட பழக்கத்தாலும் தெருவில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிப் படிப்பை முடித்து ஓர் எஸ்டேட்டில் பயிற்சி கீப்பராகச் சேர்ந்தபோது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தது அதனால்தான்.

கீப்பர் வேலையில் சம்பளத்தோடு குடியிருக்க வீடு, ஓட்ட வண்டி, டுவீட் துணியில் ஒரு சூட்டு, நாய்க்குச் சாப்பாட்டுப் படி, தோட்டா என்று பல எஸ்டேட்டுகளில் கிடைக்கும். துப்பாக்கியை மட்டும் பெரும்பாலும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சிச் சம்பளமோ சொற்பம்.

எது நன்றாகச் சுடும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கீப்பரின் விஷயத்தில் அது முதல் கேள்வியே அல்ல. வேட்டை நடக்கும் நாளில் கீப்பர் சுடுவதில்லை. கையில் கம்போடு, காதில் வாக்கிடாக்கியோடு, பறவைகளைக் கிளப்பும் ஆட்களை வரிசை கலையாமல் நடத்திக்கொண்டு போவார். மற்ற நாட்களில் தீவனம் சுமப்பார், வேலி சரிபார்ப்பார், பொறி வைப்பார். துப்பாக்கி கூடவே வரும். வண்டியின் பின்சீட்டில் உறைக்குள் கிடக்கும், நாலு சக்கர பைக்கில் குலுங்கும், மழையில் நனையும், சேற்றில் சாயும். காக்கைக்கோ மேக்பைக்கோ சாம்பல் அணிலுக்கோ அது வெடிக்கும் நேரம் நாளில் சில நொடிகள். நரிக்கு இப்போது பெரும்பாலும் இரவுத் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள்தான். ஆக, கீப்பர் வாங்குவது சுடாத நேரத்தில் நெடுநாள் கூடவே இருக்கப்போகும் ஒரு பொருளை.

இதை அந்தக் காலத்து ஆட்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பிரபுவுக்கு லண்டனில் சித்திர வேலைப்பாட்டோடு ஒரு ஜோடித் துப்பாக்கி, அவருடைய கீப்பருக்கு ‘கீப்பர் கன்’ என்ற பெயரிலேயே விற்ற, அலங்காரம் எதுவும் இல்லாத உறுதியான ஒன்று. 1875-இல் பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் பாக்ஸ்லாக் என்ற எளிய பொறியமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். உதிரிப் பாகங்கள் குறைவு, பழுது குறைவு, விலையும் குறைவு. அதன்பின் சாதாரணக் கீப்பரின் கைக்கும் நல்ல துப்பாக்கி வந்தது. பர்டி நிறுவனத்தில் அளவு கொடுத்துச் செய்யும் துப்பாக்கி இன்றைக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். பழைய பர்மிங்காம் பாக்ஸ்லாக்கை ஏலத்தில் இருநூறு, முந்நூறு பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு வரலாம்.

அந்தப் பெண்ணின் தாத்தாவிடம் அப்படி ஒன்று இருந்தது. குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த இரட்டைக்குழல், எடை குறைவு, கைக்கு அடக்கம். அதையே பேத்திக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. எனக்கும் அதைப் பார்த்ததும் ஆசையாகத்தான் இருந்தது. தடையாக வந்தது ஈயம்.

தோட்டாவுக்குள் இருக்கும் ரவை நூற்றாண்டுக்கணக்கில் ஈயமாகவே இருந்தது. சிதறிய ஈய ரவையைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கும் வாத்துகள் விஷமேறிச் சாகின்றன. நீர்ப்பறவைகளை ஈயத்தால் சுடுவதை இங்கிலாந்து 1999-லேயே தடுத்துவிட்டது. 2020-இல் வேட்டை அமைப்புகளே ஒன்றுகூடி, ஐந்து வருடத்துக்குள் ஈயத்தைத் தாங்களாகவே கைவிடுவோம் என்று அறிவித்தன. சொன்ன வேகத்தில் நடக்கவில்லை. 2025-இல் அரசாங்கமே ஈய ரவைக்குத் தடை விதிக்கும் முடிவை அறிவித்துவிட்டது. இன்று வேலையில் சேரும் பிள்ளை ஓய்வு பெறும்வரை எஃகு ரவையோடுதான் காலம் தள்ள வேண்டும். எஃகு ஈயத்தைப் போல மெத்தென்று இருக்காது, நசுங்காது. தாத்தாவின் துப்பாக்கியில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், குழல் மெல்லியது, வாய் இறுக்கம். அதில் எஃகைச் சுட எந்த ஆயுத மெக்கானிக்கும் தலையாட்டமாட்டார். பிஸ்மத் ரவை போடலாம், ஆனால் விலை பல மடங்கு. புறா விரட்டவும் அணில் சுடவும் பெட்டி பெட்டியாகத் தீர்க்கிற வேலைக்கு அது கட்டாது.

லண்டனிலும் பர்மிங்காமிலும் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் இருக்கின்றன. பர்மிங்காம் நிலையம் 1813-லிருந்து வேலை செய்கிறது. அதிக அழுத்த எஃகுத் தோட்டாவைத் தாங்கும் குழலில் லில்லிப் பூ வடிவத்தில் சின்ன முத்திரை இருக்கும். பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் பூதக்கண்ணாடி கொண்டுபோய் முதலில் தேட வேண்டியது அந்தப் பூவைத்தான்.

எதிர்முனையில் நிற்கிறது செமி ஆட்டோமேட்டிக். துருக்கியில் செய்தவை மலிவு. வெடிக்கும்போது தோளில் உதைப்பு குறைவு, பிளாஸ்டிக் கட்டை என்பதால் மழைக்குப் பயமில்லை. 1987-இல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு 1988-இல் வந்த சட்டப்படி, சாதாரண ஷாட்கன் உரிமத்தில் மேகஸினுக்குள் இரண்டு, குழலில் ஒன்று என மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. மூன்று தாராளம். அனுபவப்பட்ட கீப்பர்கள் பலர் காக்கைக்கும் புறாவுக்கும் இதைத்தான் எடுக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பயிற்சிக்காரரின் முதல் துப்பாக்கியாக அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் சுடுவதில் இல்லை.

இரட்டைக்குழல் துப்பாக்கி நடுவில் மடியும். மடித்து முழங்கையில் தொங்கவிட்டால் குழல்களின் வழியே ஆகாயம் தெரியும், அது காலி என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் விளங்கும். செமி ஆட்டோமேட்டிக் அப்படிச் சட்டென்று சாட்சி சொல்லாது. இங்கே எஸ்டேட்டுகளின் ஊடாகப் பொதுமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள் ஓடுகின்றன. அவற்றை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை. காலையில் நாயோடு நடக்கும் பாட்டி, பள்ளிப் பிள்ளைகள், கோபத்தோடு வரும் பக்கத்துப் பண்ணைக்காரர் என்று எல்லோரும் கீப்பருக்கு எதிரே வருவார்கள். பதினெட்டு வயசுப் பெண் கையில் துப்பாக்கியோடு புதருக்குள்ளிருந்து வெளிப்படும்போது, அது மடிந்து கிடந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேலி ஏறும்போதும், வண்டியில் ஏறி இறங்கும்போதும், வாய்க்கால் தாண்டும்போதும் தோட்டாவை எடுத்தாக வேண்டும். கீப்பர் ஒரு நாளில் எத்தனை வேலி தாண்டுவார் என்று எண்ணிப் பாருங்கள். மடித்தால் இரண்டும் கைக்கு வந்துவிடும் என்ற வசதியை மூன்றாவது தோட்டாவுக்காக விட்டுக்கொடுக்கலாமா?

ஆக மிஞ்சியது, ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் அமைந்த 12 போர் (போர் என்பது குழலின் அளவு, எண் ஏறினால் குழல் சிறுக்கும்). 20 போர் எடை குறைவு, பெண்ணுக்கு அது போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எஃகு ஈயத்தைவிட லேசு என்பதால் ஈயத்தில் 6-ஆம் நம்பர் ரவை போடும் இடத்தில் எஃகில் அதைவிடப் பெரிய 4-ஆம் நம்பராவது வேண்டும். ரவை பெரிதானால் தோட்டாவில் எண்ணிக்கை குறையும், சின்னக் குழலில் இன்னும் குறையும். தவிர, கீப்பரின் அறையிலும் அண்டைப் பண்ணையிலும் கேட்டவுடன் கிடைப்பது 12 போர் தோட்டாதான். எடையைவிட, உடம்புக்குப் பொருந்தும் அளவுதான் தோளைக் காப்பாற்றும்.

அந்த அளவு பார்க்கிற வேலையை வேறொரு கடையில் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைக்காரர் நடுவயதுக்காரர். முதலில் அவளைத் தூரத்துச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணும் திறந்தபடி விரலால் சுட்டச் சொன்னார், பிறகு இடக்கண்ணை மூடச் சொன்னார். விரல் கடிகாரத்தை விட்டு விலகவில்லை, எனவே வலக்கண்தான் எஜமான். பிறகு மிரோக்கு என்ற துப்பாக்கி ஒன்றை மடித்து, குழல் காலி என்று அவளுக்குக் காட்டி, எனக்கும் காட்டி, அவள் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்று, இப்போது திற என்றார். கட்டை நீளம். கன்னம் பதிய வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே கழுத்து நீண்டது. தையல்காரர் மாதிரி பென்சிலை எடுத்துக் கட்டையின் பின்பக்கத்தில் முக்கால் அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்தார். அறுத்துவிட்டு ரப்பர் திண்டு ஒட்டித் தருவதாகச் சொன்னார். பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை லேசாகக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். கீலில் ஆட்டமில்லை. குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அவளை உள்ளே பார்க்கச் சொன்னார். உட்புறத்து வெளிச்ச வளையம் எங்கேயாவது கோணியிருந்தால் அங்கே ஒடுக்கு. கட்டையின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிக் காட்டினார்.

மிரோக்கு ஜப்பானில் கோச்சி மாகாணத்தில் செய்வது. நாங்கள் பார்த்தது செகண்ட் ஹேண்ட், 28 அங்குலக் குழல், மூன்றங்குலத் தோட்டா அறை, லில்லிப் பூ முத்திரை, மாற்றிக்கொள்ளக்கூடிய சோக்குகள் (குழல் வாயை இறுக்குபவை). கட்டையில் யாரோ வேலியில் உரசிய கீறல் நீளமாக ஓடியது. அதற்காகவே விலை இறங்கியிருந்தது. கீப்பரின் துப்பாக்கியில் முதல் கீறலை முந்தைய சொந்தக்காரரே போட்டுவைத்திருப்பது நல்லதுதான். கால் சோக்கையும் அரை சோக்கையும் போட்டுக்கொண்டு மற்றதை மறந்துவிடு என்றார் கடைக்காரர். எஃகுக்கு அதற்குமேல் இறுக்கம் வேண்டியதும் இல்லை. விற்பனையை அவளுடைய உரிமத்தில் எழுதினார். ஏழு நாளுக்குள் போலீஸுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பறவைகளை வளர்த்துச் சுடுவதற்காகக் காட்டில் விடும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. அதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். பருந்து இனங்களை ரகசியமாகக் கொன்று கோர்ட்டில் நின்ற கீப்பர்களின் செய்தி அவ்வப்போது வருகிறது, அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் எஸ்டேட் இருக்கிற வரை அங்கே யாராவது துப்பாக்கி சுமக்கத்தான் போகிறார்கள். அவர்கள் வேலிக்கு வேலி அதை மடிக்கிறவர்களாக இருந்தால் எனக்கு நிம்மதி. தாத்தாவின் பாக்ஸ்லாக் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது, பிஸ்மத் வாங்கக் காசு சேர்ந்தால் வருடத்துக்கு ஒருநாள் எடுக்கட்டும்.

பயிற்சிக்குச் சேரும் வேறு பிள்ளைகள் கேட்டாலும் என் பதில் இதுதான்: மடியும் துப்பாக்கி, 12 போர், எஃகு முத்திரை, உங்கள் தோளுக்கு அறுத்த கட்டை, பழசாகவே வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தில் முதல் வேலையாகக் காதுக்கு நல்ல மூடி வாங்குங்கள். வயதான கீப்பர்கள் பலரிடம் இன்றைக்கு நாம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.