கைமாறிய வண்டி

பழம்பொருளைப் பேணுதல் இருவகைத்து. பொருளைப் பேணுதல் ஒன்று. அதன் வரலாற்றைப் பேணுதல் மற்றொன்று. முன்னது எண்ணெயாலும் துணியாலும் ஆவது. பின்னது நாவினால் ஆவது. ஆகலின் அதுவே அரிது. விற்குங்காலத்து இவ்விரண்டாவதன் அருமை நன்கு புலப்படும். ஜப்பான் நாட்டு ஹமமாத்ஸு நகரத்து முதியவர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை விற்ற செய்தி இதற்குச் சான்றாகும்.

அந்நகரம் ஸோயிச்சிரோ ஹோண்டா என்பார் 1948-இல் தம் மோட்டார் கம்பெனியை நிறுவிய இடம். அக்கம்பெனியார் 1969-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸி.பி. 750 என்னும் விரைவு வண்டி உலகோரை வியப்பித்தது. வரிசையாய் நின்ற நான்கு சிலிண்டர்களும், 736 ஸி.ஸி. அளவும், 67 குதிரைத்திறனும், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் உடையது அது. அந்நாட்டில் அந்நாளைய விலை 385,000 யென். முதற்கண் வெளிவந்த ஏறத்தாழ 7,400 வண்டிகளின் எஞ்சின் உறை ‘மணல் வார்ப்பு’ எனப் பெயர் பெற்றது. பின்னர் வார்ப்பு முறை மாறினமையின், அம்முதல் வண்டிகளைப் பெருவிலை கொடுத்தும் தேடுவார் பலர். சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகிய இரண்டும் அம்முதல் வரிசைக்குரியனவாதல் வேண்டும் என்பதே அவர்தம் அளவுகோல்.

முதியவர் தமது 22-ஆம் வயதில் அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். ஈராண்டுக்கு ஒருமுறை அரசாங்கச் சோதனைக்குத் தவறாது கொண்டு சென்றார். நான்கு கார்புரேட்டர்களையும் ஒத்தியங்குமாறு தம் கையாலேயே திருத்தினார். பூச்சும் இருக்கையும் நான்கு புகைக்குழாய்களும் வாங்கிய நாளிற்போலவே விளங்கின. ஆயினும் எழுபத்தைந்தைக் கடந்தபின், இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட அதனை ஸ்டாண்டினின்று இறக்க முழங்கால் இசையவில்லை. நோயுற்ற மனைவியின் பராமரிப்புச் செலவும் வளர்ந்தது. விற்கத் துணிந்தார்.

வாங்க வந்தவர் இளைஞர். மண்டியிட்டுச் சேஸிஸ் எண்ணை நோக்கினார், முகம் மலர்ந்தார். முதியவர் எதிர்பாராத பெருந்தொகையைக் கூறினார். மகிழ்ச்சி மிகுதியால் எஞ்சின் எண்ணை நோக்கினாரல்லர். அரசாங்கப் பத்திரத்திலும் அவ்வெண் இல்லை.

முதியவர் நெஞ்சில் மட்டும் அஃது இருந்தது. இளமைச் செருக்கினால் ஒருகால் தளர்ந்த சங்கிலியை இறுக்காது மலைவழியில் விரைந்தார். சங்கிலி அறுந்து சுருண்டு எஞ்சின் உறையைப் பிளந்தது. பின்னாளைய வார்ப்புறை ஒன்று அதற்கு ஈடாகப் பொருத்தப்பட்டது. ‘கேளாததைக் கூறாமை பொய்யாகுமோ?’ என்று நெஞ்சு வழக்காடிற்று. மனைவியின் மருந்துச் சீட்டையும் அது சான்றாகக் காட்டிற்று. அவ்வழக்கு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், தாம் பெறும் பணத்தின் ஒரு பகுதி, வண்டியின் விலையன்றி அவ்விளைஞரின் அறியாமையின் விலையாமன்றோ என்று அவர் உட்கொண்டார்.

அவர் உள்ளே சென்று, துணியில் பொதிந்த பிளவுண்ட உறையைக் கொணர்ந்து முன்வைத்தார். பழைய எண் அதில் தெளிவாயிருந்தது.

“இதுதான் இவ்வண்டியுடன் பிறந்தது. உடைத்தவன் நான். இப்போதுள்ளது வேறு,” என்றார்.

இளைஞர் நெடும்பொழுது பேசவில்லை. பிறகு தாம் கூறியதில் மூன்றிலொரு பங்கு குறைத்துச் சொன்னார். முதியவர் இசைந்தார். விடைபெறும் பொழுது இளைஞர் தயங்கி நின்று, “ஐயா, அவ்வுடைந்த உறையையும் எனக்குத் தருவீர்களா?” என்று வேண்டினார்.

இத்தனை ஆண்டும் தம் பிழையின் அடையாளமாக மறைத்து வைத்ததனை முதியவர் இருகையாலும் எடுத்துக் கொடுத்தார்.

குறைந்த தொகை குறைந்ததே. மனைவியின் செலவு அதனால் சுருங்கவில்லை. ஆயினும் அன்று கைமாறியது வண்டி மட்டுமன்று; அதன் மெய்வரலாறும் குறைவின்றிக் கைமாறிற்று. இனி அவ்வண்டியைப் பேணுவார் ஐயமின்றிப் பேணுவர். நன்கு காத்தல் என்பது ஈண்டு நிறைவுற்றதென்க.