யாரும் தப்பவில்லையா?

1997 இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடர் எக்கட்சியாரையும் விட்டுவைப்பதில்லை; ஆதலின் அது நடுநிலையானது என்று இளம் ஆசிரிய நண்பர் சிலர் வாதிடுகின்றனர். அதன் நகைச்சுவையை நாமும் சுவைத்ததுண்டு. ஆயினும் ஒன்று கேட்போம். புவி வெப்பமடைதலைப் பற்றி எச்சரித்த அல் கோரை 2006 இல் இத்தொடர், இல்லாத பூதமொன்றைத் துரத்தும் பித்தராகக் காட்டிற்று. 2018 இல் அப்பூதம் மெய்யாகவே வந்து மக்களைக் கொன்றது. கதைச் சிறுவர்கள் அவரிடம் மன்னிப்பும் கேட்டனர். பாராட்டத்தக்க நேர்மைதான், பன்னிரண்டாண்டுகள் பிந்திய நேர்மை! இதே ஆபத்தை எக்சன் எண்ணெய்க் கம்பனியின் விஞ்ஞானி ஒருவர் 1977 இலேயே தம் நிருவாகத்துக்கு எடுத்துரைத்திருந்தார். நிருவாகமோ பின்னாளில் மக்கள் மனத்தில் ஐயத்தை விதைக்கப் பணம் செலவிட்டது. 2006 ஆம் ஆண்டுச் சித்திரத்தில் அந்த நிருவாகத்தினர் எவரையும் காணோம்.