நாலு விரல் இடைவெளி

டயருக்கும் அதுக்கு மேல இருக்கற ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்குன்னு உங்க கார்ல என்னிக்காவது பாத்திருக்கீங்களா? நம்ம ஊர் வண்டி பெரும்பாலானதுல நாலு விரலை தாராளமா உள்ள விடலாம். முப்பது வயசு தாண்டின எங்களை மாதிரி ஆளுங்க கண்ணுக்கு இதெல்லாம் படறதே இல்லை. இருபத்திமூணு வயசுப் பையனுக்கு அந்த நாலு விரல் இடைவெளி ராத்திரி தூக்கத்தையே கெடுத்துரும் :-)

நம்ம தங்கமணியோட தம்பிக்கு அதான் ஆச்சு. கோயமுத்தூர்ல வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கான். வீட்ல இருக்கறது 2011-ல வந்த ரெண்டாவது தலைமுறை ஸ்விஃப்ட். "மாமா, வண்டிய 40 மில்லிமீட்டர் இறக்கப் போறேன், எந்த ஸ்ப்ரிங் வாங்கறதுன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு வந்து நின்னான். பொறியியல் படிச்ச பாவத்துக்கு நமக்கு இந்த மாதிரி ஆணியும் புடுங்க வேண்டியிருக்கு.

ஆசை தப்புன்னு நான் சொல்ல மாட்டேங்க. தாழ்ந்து நிக்கற வண்டி பாக்க அழகுதான். எடை தரைக்குப் பக்கத்துல வந்தா வளைவுல வண்டி நல்லா நிக்கும்ங்கறதும் பாதி உண்மை. ஆனா அந்த வண்டிலதான் எங்க மாமனார் வாரம் ரெண்டு தடவை பிசியோதெரபிக்குப் போறார். முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆனவர். அதனால இது வெறும் ஸ்டைல் மேட்டர் இல்லை.

பையன் போன பட்டறையில முதல்ல சொன்னது, "எதுக்கு தம்பி புது ஸ்ப்ரிங்? இருக்கறதுல ஒரு சுத்து அறுத்துட்டா போச்சு". இதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. ஸ்ப்ரிங்கோட கடைசிச் சுத்து, அது உக்கார்ற கிண்ணத்துக்கு ஏத்த மாதிரி வளைச்சு வெச்சது. அதை அறுத்தா நேரா உக்காராது. சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது ஸ்ப்ரிங் தளர்ந்து இடம் மாறவும் செய்யும். கேஸ் வெச்சு சூடு பண்ணி இறக்கறது இதைவிட மோசம். இரும்போட பதமே போயிரும். அப்புறம் அது எப்ப உடையும்னு யாருக்கும் தெரியாது.

சரி, தயாரிச்ச ஸ்ப்ரிங்தான் வாங்கணும்னா எதைப் பாக்கணும்? எல்லாரும் கேக்கறது "எத்தனை மில்லி இறங்கும்?" கேக்க வேண்டியது "எவ்ளோ கெட்டி?"

கம்பியோட தடிமன் இதுல பெரிய விஷயம். கெட்டித்தன்மை தடிமனோட நாலாம் அடுக்குல ஏறும். மத்ததெல்லாம் அப்படியே இருந்து கம்பி மட்டும் 12 மில்லிமீட்டர்ல இருந்து 13 ஆனா, ஸ்ப்ரிங் கிட்டத்தட்ட 38 சதவீதம் கெட்டியாயிரும். சுத்து குறைஞ்சாலும் கெட்டிதான். வேலை செய்யற சுத்து ஆறு இருந்ததை அஞ்சாக்கினா 20 சதவீதம்.

ஏன் கெட்டியா இருக்கணும்? சக்கரம் மேல ஏற ஒரு அளவுதான் இடம் உண்டு. அதைத் தாண்டினா பம்ப் ஸ்டாப்ங்கற ரப்பர்ல போய் இடிக்கும். உதாரணத்துக்கு அந்த இடம் 80 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். 40 இறக்கினா மிச்சம் பாதி. பாதி தூரத்துல அதே குலுக்கலை வாங்கிக்கணும்னா கணக்குப்படி ஸ்ப்ரிங் நாலு மடங்கு கெட்டியா இருக்கணும். அப்படி ஒண்ணைப் போட்டா அது காரா இருக்காது, கட்டை வண்டியா இருக்கும். அதனால 40, 50 இறக்கற வண்டியெல்லாம் பள்ளத்துல ரப்பர் மேலதான் ஓடுது. 25 இறக்கினா 55 மிச்சம். ரெண்டு மடங்கு கெட்டி போதும். அதையே முதுகுவலிக்காரர் தாங்க மாட்டார்.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஸ்விஃப்ட்டோட ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2.43 மீட்டர்தான். அதனால நாலு சக்கரமும் மேட்டு மேல ஏறிடும், வண்டி வயித்துக்கு நேரா மேடு எழும்பறது சுமார் 43 மில்லிமீட்டர்தான். ஸ்விஃப்ட்டோட தரை இடைவெளி 170. அதுல 40 இறக்கினதையும் நாலு பேர் உக்காந்தா அமுங்கற ஒரு 30-ஐயும் கழிச்சாலும் 100 இருக்கு. சொகமா தாண்டலாம்.

ஆனா விதிப்படி கட்டின மேடு எங்க இருக்கு? வீடு கட்டினப்போ மிஞ்சின கான்கிரீட்டைத் தெருவுல கொட்டி ஒரு ஜாண் அகலத்துல ஒண்ணு வெச்சிருப்பாங்க பாருங்க, அது முழு உயரத்துக்கும் வயித்துல உரசும். மாமனார் வீட்ல இருந்து பிசியோதெரபி வரைக்கும் அந்த மாதிரி ஏழு இருக்கு. நானே எண்ணினேன்.

இன்னொண்ணு. அளவுக்கு மேல இறக்கினா முன்பக்க லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ஞ்சிரும். அப்ப வண்டி சுழல்ற மையம், எடை இறங்கினதைவிட வேகமா கீழ போயிரும். விளைவு, வளைவுல முன்னைவிட அதிகமா சாயும். அதைத் தடுக்கறதும் ஸ்ப்ரிங் கெட்டித்தனம்தான். இதுபோக பழைய ஷாக் அப்சார்பர் கெட்டி ஸ்ப்ரிங்கை அடக்காது. அலைன்மென்ட் திரும்பப் பண்ணணும், இல்லேன்னா டயர் ஓரமா தேயும். ஹெட்லைட்டையும் சரி பண்ணணும். ஸ்ப்ரிங் விலைன்னு நினைச்சது ஆரம்பச் செலவுதான்.

இத்தனையும் கேட்டுட்டு பையன் முகம் சுருங்கிப் போச்சு. நான் வேண்டாம்னு சொல்லலை. "மாப்ள, உன் ஃப்ரெண்டு இறக்கின வண்டில அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போ, அப்புறம் நீயே முடிவு பண்ணு"ன்னேன்.

கூட்டிட்டுப் போனான். மாமனார் வாயே திறக்கலையாம். மூணாவது மேட்டுல பையனோட தோளைப் பிடிச்சிருக்கார். இறங்கற வரைக்கும் விடலையாம். "அந்தப் பிடி இன்னும் தோள்ல இருக்கு மாமா"ன்னான் ராத்திரி போன்ல.

சேத்து வெச்ச காசுல நாலு புது ஷாக் அப்சார்பர், தொய்ஞ்சு போன பின்பக்கத்துக்கு கம்பெனி உயரத்துலயே புது ஸ்ப்ரிங் போட்டாச்சு. மாமனார் இப்ப முன்சீட்ல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டே வர்றார். பையன் மிச்சக் காசை எடுத்து வெச்சிருக்கான். ஒரு பழைய வண்டி வாங்கி, தரையோட தரையா இறக்கி, செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேல மட்டும் ஓட்டணுமாம். அதுக்கு ஸ்ப்ரிங் பாத்துக் குடுக்க நான் ரெடி.

டிஸ்கி: ரோட்டு வண்டிய இறக்கற ஆசை உள்ளவங்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆம் பிரிவையும் படிச்சிருங்க. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு.