அம்மம்மாவோடு பாரிஸுக்கு: 1,100 பவுணுக்குள் ஒரு குடும்பப் பயணம்

"அக்காவை ஒருக்காப் போய்ப் பார்க்கோணும் பிள்ளை." 2025 ஜூனில் ஒருநாள், பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னா. பெரியம்மா இருப்பது பாரிஸுக்கு அருகே லா கூர்னெவ்வில். லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தான். ஆனாலும் ஆறு வருடமாக இருவரும் நேரில் சந்திக்கவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது 74 வயது. போனில் கதைக்கும்போது ஆட்களின் பெயரை மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தா. அம்மா ஏன் கேட்கிறா என்று எனக்கு விளங்கியது.

அந்த வருடம் மோர்ட்கேஜ் ஏறியிருந்தது. ஒதுக்க முடிந்தது 1,100 பவுண். ஐந்து பேர்: நானும் கணவரும், 11 வயது மகள், 7 வயது மகன், அம்மா. இந்தக் காசுக்குள் எப்படிப் போய் வந்தோம் என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தால் உதவக்கூடும்.

முதலில் நாள். பள்ளி நாட்களில் போனால் ரிக்கெற் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து நாள் பிள்ளையை மறித்தால், ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண் அபராதம். எங்களுக்கு அது 320 பவுண். மிச்சம் பிடிக்கப் போய்க் கூடக் கட்டுவதா? ஒக்டோபர் கடைசி விடுமுறையைத் தெரிவு செய்தோம். அந்த வாரம் பிரான்சிலும் பள்ளி விடுமுறை. பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளும் வீட்டில் நிற்பார்கள்.

அடுத்தது பாஸ்போட். இங்கேதான் தப்பினோம். அம்மாவின் பாஸ்போட் 2026 மே மாதம் வரை செல்லுபடி. ஆறு மாதத்துக்கு மேல் இருக்குதே என்று நான் மூடி வைத்துவிட்டேன். ஒரு இரவு என் கணவர்தான் எடுத்த திகதியைப் பார்த்தார்: 2015 ஓகஸ்ட். முந்தி பிரிட்டிஷ் பாஸ்போட் புதுப்பிக்கும்போது பழையதில் மிஞ்சிய மாதங்களையும், ஒன்பது மாதம் வரைக்கும், சேர்த்துத் தருவார்கள். 2018 செப்டெம்பரோடு அது நின்றுவிட்டது. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையும் நாளில், பாஸ்போட் எடுத்து பத்து வருடத்துக்குள் இருக்கவேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகவும் இருக்கவேண்டும். இரண்டாவது சரி, முதலாவது பிழை. அப்படியே போயிருந்தால் அம்மாவை மட்டும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். உடனே இணையத்தில் 94.50 பவுண் கட்டிப் புதுப்பித்தோம். முடிவுத் திகதியை மட்டும் பார்க்காதீர்கள், எடுத்த திகதியையும் பாருங்கள். பிள்ளைகளின் பாஸ்போட் ஐந்து வருடம்தான் என்பதையும் மறக்கவேண்டாம். இலங்கை, இந்திய பாஸ்போட்டோடு இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். கணவரின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்கு என் கணவரின் பெயர். நாலு பேர், மூன்று குடும்பப் பெயர்! எல்லையில் "இவர்கள் உன் பிள்ளைகள்தானா?" என்று கேட்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். தாயோ தகப்பனோ தனியாகக் கூட்டிப்போவதென்றால், மற்றவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் இருக்கட்டும். அம்மாவுக்கு நீரிழிவு, அதனால் ஜி.எச்.ஐ.சி அட்டையும் எடுத்தோம். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளங்களில் ஏமாறவேண்டாம். அட்டை இருந்தாலும் பயணக் காப்புறுதி தேவை.

போக்குவரத்தில்தான் வீட்டுக்குள் சண்டை. ஐந்து பேருக்கும் ரயில் கட்டாது. இரவு பஸ்ஸில் போனால் ஒரு இரவு ஹொட்டேல் காசு மிச்சம், ஆனால் அம்மாவின் முழங்கால் தாங்காது. அம்மாவும் மகளும் ரயிலில் போகட்டும், நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றேன். "நீங்கள் எல்லாரும் பஸ்ஸில இடிபட, நான் மட்டும் ராசாத்தி மாதிரி ரயிலிலயோ?" என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. கடைசியில் எல்லோரும் பகல் பஸ். விக்டோரியாவிலிருந்து பெர்சி வரை ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம். ஒரு பகல் போனது, ஆனால் அம்மா கால் நீட்டி இறங்கி நடந்து வந்தா.

பஸ்ஸுக்குச் சாப்பாடு கட்டுவதிலும் கவனம். பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோக முடியாது. மட்டன் ரோல்ஸும் தயிர்ச்சோறும் இல்லையென்றதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. புளிச்சோறு, உழுந்து வடை, வாழைப்பழம் கட்டினோம்.

தங்குமிடம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொந்தக்காரர் வீடு இலவச ஹொட்டேல் இல்லை. பெரியம்மா மகனோடு இருக்கிற ஃபிளாட்டில் இரண்டு அறை. "எல்லாரும் இங்கேயே படுங்கோ" என்றுதான் சொன்னா. அம்மாவை மட்டும் அங்கே விட்டோம். நாங்கள் நாலு பேரும் நகரத்துக்கு வெளியே, ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு குடும்ப அறை எடுத்தோம். அக்காவுக்கும் தங்கைக்கும் இரவில் தனியாகக் கதைக்க நேரம் கிடைத்தது. லா சப்பலில், ஃபோபூர்க் சென் தெனி வீதியில் இருக்கும் எங்கள் கடைகளில் அரிசி, மரக்கறி, மீன் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். காசாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டா.

பாரிஸின் வாராந்த நவிகோ பாஸ் எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். நாங்கள் திங்கள் போய்ச் சனி திரும்பியது அதனால்தான். புறநகருக்கும் அதே பாஸ் செல்லும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரை விலை ரிக்கெற். லூவ்ரும் ஓர்சேயும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும். லூவ்ருக்கு அதற்கும் நேரம் பதிவு செய்யவேண்டும், செவ்வாய் பூட்டு. கணவர் மட்டும் ரிக்கெற் வாங்கிப் பிள்ளைகளோடு போனார். நோத்ர தாம் தேவாலயத்துக்குக் கட்டணமில்லை. ஈஃபிள் கோபுரத்தில் ஏறவில்லை. ஒக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழு மணிக்கு த்ரோகதெரோவில் நின்று, கோபுரம் ஐந்து நிமிடம் மின்னுவதைப் பார்த்தோம். மகன் திரும்பத் திரும்பக் கேட்டது, "மற்ற முறை எப்ப?"

கணக்கு இது: பஸ் 310, அறை ஐந்து இரவு 360, அம்மாவின் பாஸ்போட் 94.50, உள்ளூர்ப் போக்குவரத்து 120, சாப்பாடும் மற்றதும் 200. மொத்தம் 1,084.50 பவுண்.

காசே செலவில்லாத ஓர் ஆயத்தம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர்களுக்குள் இருக்கிற ஒரே பொது மொழி தமிழ். ஆறு கிழமைக்கு முன்பிருந்தே பிரிட்ஜில் ஒவ்வொரு வசனமாக ஒட்டினேன்: "விளையாட வாறியா?", "எனக்கு விளங்கேல்லை, திருப்பிச் சொல்லு." நானும் இங்கேயே வளர்ந்தவள்தான். சிலதை அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

முதல் நாள் நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இரண்டாம் நாள் ஒளிச்சுப் பிடிச்சு. மகன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "பதினேழு, பதினெட்டு, இருபது" என்று எண்ணினான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பாரிஸ் தம்பி "பத்தொன்பது!" என்று கத்திப் பிடிபட்டான். அதற்குப் பிறகு ஓயவேயில்லை.

பெரியம்மா என் மகளை என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டா. மகள் ஓடிவந்து, "நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள். "ஓம் எண்டு சொல்லு, அது காணும்" என்றா அம்மா. ஐந்து நாளும் என் பெயருக்கு அவள் "ஓம் அம்மம்மா" என்று ஓடிப் போனாள்.

இந்தக் கோடைக்கு அவர்கள் லண்டன் வருவதாக இருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தாலும் இப்போது அடையாள அட்டையோடு வரமுடியாது; பாஸ்போட்டும் ஈ.டி.ஏ அனுமதியும் வேண்டும். நேற்று அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தா: "அக்கா, உங்கட பாஸ்போட்டை எடுத்து மேசையில வையுங்கோ. முதலில திகதியைப் பார்ப்பம்."