கிடேரிக் கன்று

மத்திகிரிக் கால்நடைப் பண்ணையின் வேலியோரமாக மாலையில் நடப்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் வழக்கம். 1824இல் கும்பினிப் படைக்குக் குதிரைகள் வளர்க்கத் தொடங்கிய இடம் அது. திரும்பும் வழியில் ஒரு வீட்டில் கறந்த பால் வாங்குவோம். மூன்று மாதங்களுக்கு முன் அங்கு நின்றிருந்தபோது சினை ஊசி போடுபவர் வந்தார்.

"பொட்டைக் கன்னு ஊசியே போட்டுடலாமா அக்கா?"

"அதான் வேணும். காளைக்கன்னு பொறந்தா யாரு தீனி போடறது?"

நாங்களும் சிரித்தோம்.

மாட்டின் எக்ஸ் விந்தணுவில் மரபுப்பொருள், ஒய் விந்தணுவில் உள்ளதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் அதிகம். சாயமேற்றி லேசர் ஒளியில் செலுத்தினால் அந்தச் சிறு வேறுபாடு ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும், இனம் பிரித்துவிடலாம். பத்துக்கு ஒன்பது கிடேரி. அரசு மானியமும் உண்டு. டிராக்டர் வந்தபின் காளைக்கு என்ன வேலை? (2023 பிப்ரவரியில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று கோபசந்திரத்தருகே நெடுஞ்சாலையை மறித்த ஊர்கள்தாம் இவை.)

இதே நுட்பத்தை மனிதரிடம் பயன்படுத்துவது குற்றம். மரபணுக் குறைகளைக் கண்டறிய வந்த சோதனைகள் பெண் சிசுவைக் கண்டுபிடிக்கவே பயன்பட்டதால் 1994இல் சட்டம் வந்தது; கருவுறுவதற்கு முன்பே பால் தேர்வு செய்வதையும் 2003இல் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

2005இல் எங்களுக்கு இரண்டாவது கரு உண்டாகியிருந்தது. மூத்தவள் பெண். அத்திப்பள்ளி தாண்டினால் ஓரிடத்தில் சொல்லிவிடுவார்கள் என்றார் உறவினர் ஒருவர். சட்டம் இருபுறமும் ஒன்றுதான். ஆனால் எல்லைக்கு அப்பால் நம் முகம் யாருக்குத் தெரியும்?

உடனே மறுத்தோம் என்று எழுதவே ஆசை. இரண்டு இரவுகள் கணக்குப் போட்டோம்: படிப்பு, நகை, கல்யாணம். யாரு தீனி போடறது என்னும் அதே கணக்கு. மாட்டையும் மகளையும் ஒப்பிடுவது அபத்தமென்று தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆயினும் அன்று சிரித்துவிட்டு வீடு வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாங்கள் போகாததற்கு அறம் காரணமில்லை. அந்த வாரம் ஆலையில் எங்களில் ஒருவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பிறந்தவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

பசு சினை பிடித்துவிட்டதாம். கன்று ஈன்றதும் சீம்பால் தருவதாக அந்த அம்மாள் நேற்றுச் சொன்னார்.