முதுகே தொட்டிலாகும் ஊர்

கௌஹாத்தியிலிருந்து தெற்கே மலைப்பாதையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் ஷில்லாங் நகரை அடையலாம். கடல் மட்டத்திற்குச் சுமார் 5,000 அடி உயரத்தில், பைன் மரங்கள் சூழ அமைந்த நகரம் இது. 1874 முதல் அஸ்ஸாமின் தலைநகராக இருந்து, 1972 இல் மேகாலயம் தனி மாநிலமானபோது அதன் தலைநகராயிற்று. வழியிலுள்ள உமியம் ஏரியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும் நம் தாய்மார்கள் கருத்தூன்றிக் காண வேண்டிய காட்சி, காசி மக்கள் இயூதூ என்று வழங்கும் பெரிய சந்தையில் இருக்கிறது.

இச்சந்தையில் வாணிகம் செய்வோருள் பெரும் பகுதியினர் பெண்களே. காசி மக்களிடையே குலம் தாய்வழியே செல்லும். குடும்ப வீடு கடைசி மகளுக்கே உரியது. வீட்டையும் வாணிகத்தையும் ஒருங்கே தாங்கும் பெண்ணுக்குக் கைகள் இரண்டும் வேண்டுமல்லவா? ஆதலின் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொள்கிறாள். சற்றே குனிந்து குழந்தையை முதுகில் ஏற்றி, துணியின் ஒரு முனையைத் தோளின் மேலும் மறுமுனையை எதிர்ப்புறத்து அக்குளின் கீழும் கொணர்ந்து, மார்பருகே இறுக முடிகிறாள். மலைக் குளிரில் தாயின் உடற்சூடே குழந்தைக்குப் போர்வையாகிறது.

பிழைப்பை நாடித் தொலைவூர்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இவ்வழக்கம் பெரிதும் பயன்படும். ஊரில் குழந்தையை வாங்கிக்கொள்ளப் பாட்டியும் அத்தையும் உண்டு. இங்கோ தாய் தனியள். இடுப்பில் ஒரு கையால் குழந்தையை அணைத்து மறு கையால் வேலை செய்வது எத்தனை நேரம் இயலும்? ஆனால், கண்டதைக் கண்டவாறே பின்பற்றுதல் தகாது. சந்தையில் தாய்க்குத் தெரியாத முதுகுப்புறத்தை அக்கம்பக்கத்தார் பார்க்கின்றனர். பூட்டிய அடுக்குமாடி வீட்டில் அவ்வாறு பார்க்க யார் இருக்கிறார்?

பச்சிளங்குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை, மூச்சுக்குழலும் மென்மையானது. மோவாய் மார்பில் அழுந்தினாலோ, துணியிலோ தாயின் உடலிலோ முகம் புதைந்தாலோ, அழக்கூட இயலாமல் சில நிமிடங்களில் மூச்சு அடைபடும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010 இல் விடுத்த எச்சரிக்கையில், அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் தூளி போன்ற துணிப்பைகளைச் சார்ந்து 14 குழந்தைகள் இறந்ததைக் குறிப்பிட்டது. அவர்களுள் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள்.

எனவே கழுத்து நன்கு நிற்கும்வரை குழந்தையை முதுகில் கட்டலாகாது. மார்போடு நிமிர்த்தியே கட்ட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருத்தல் நலம். முகம் எப்போதும் தாயின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மோவாய்க்கும் மார்புக்கும் இடையே ஒரு விரலேனும் நுழைய இடம் வேண்டும். குழந்தை சரிந்து சுருண்டு விடாதபடி துணி முதுகை இறுகத் தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தினும் உயர்ந்து, தொடைகள் இருபுறமும் விரிந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு உகந்தது. கடையில் வாங்கும் காரியருக்கும் இவ்விதிகளே பொருந்தும்.

ஷில்லாங்கின் கனத்த துணி நாகபுரி வெயிலுக்கு ஆகாது. அங்கு மெல்லிய பருத்தித் துணியே போதும். குழந்தையைக் கட்டியபடி அடுப்பருகே நிற்பதும், கொதிக்கும் காப்பியை ஏந்துவதும், ஸ்கூட்டரில் செல்வதும் கூடாது. தரையிலுள்ள பொருளை எடுக்க முழங்காலை மடக்கி அமர வேண்டுமேயன்றி இடுப்பை வளைத்துக் குனியலாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும், சளியால் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே துணி கட்டுதல் வேண்டும்.

ஏணை கட்டிக் குழந்தை வளர்த்த நமக்குத் துணியின் வலிமை தெரியும்; முடிச்சும் தெரியும். அவற்றோடு, குழந்தையின் மூச்சை ஓயாது கவனிக்கும் கண்ணும் சேருமாயின், காசித் தாய் பெற்றிருக்கும் இரு கைகளின் விடுதலையை நம் தாய்மார்களும் அச்சமின்றிப் பெறலாம்.